'எல்லாரும்' என்றால் எத்தனை பேர்?

'கல்யாணத்துக்கு எல்லாரும் வரலை.'

மூன்றே சொற்கள். இதைப் படித்ததும் உங்கள் மனதில் என்ன காட்சி வருகிறது? மண்டபம் வெறிச்சோடிக் கிடக்கிறதா, இல்லை பாதி நாற்காலிகள் நிரம்பியிருக்கின்றனவா?

அலுவலகத்தில் ஐந்து பேரிடம் இதைக் கேட்டுப் பார்த்தேன். மூன்று பேர், 'கொஞ்சம் பேர் வந்திருக்காங்க, கொஞ்சம் பேர் வரலை' என்றார்கள். ஒருவர், 'ஒருத்தருமே வரலைன்னுதானே அர்த்தம்?' என்றார். ஐந்தாமவர் மட்டும், 'ஐயோ, சமைச்ச சாப்பாடெல்லாம் என்ன ஆச்சு?' என்று கவலைப்பட்டார்.

ஒரே வாக்கியம். ஒரு அர்த்தத்தில் இருநூறு பேர் பந்தியில் உட்கார்ந்திருக்கிறார்கள். இன்னொரு அர்த்தத்தில் மாப்பிள்ளையும் பொண்ணும் ஐயரும் மட்டும்தான். இந்த வித்தியாசம் முழுவதையும் தன் தலையில் சுமப்பது 'எல்லாரும்' என்ற ஒற்றைச் சொல்.

எல்லாரும், அனைவரும், ஒவ்வொருவரும், யாரும், எப்பவும். ஒரு நாளைக்கு இந்தச் சொற்களை எத்தனை முறை சொல்கிறோம் என்று கணக்கு வைத்தால் நமக்கே மயக்கம் வரும். ஆனால், இவற்றுக்கு என்ன அர்த்தம் என்று நாம் யோசிப்பதில்லை. தர்க்கம் படித்தவர்கள் 2,300 வருடங்களுக்கு மேலாக அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

பேனாவெல்லாம் பென்சில்... பென்சிலெல்லாம் மாம்பழம்!

என் தங்கை வங்கித் தேர்வுக்குப் படிக்கிறாள். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஹாலில் நோட்டும் கையுமாக உட்கார்ந்து, 'எல்லாப் பேனாக்களும் பென்சில்கள். எல்லாப் பென்சில்களும் மாம்பழங்கள்' என்று முணுமுணுப்பாள். வங்கித் தேர்வு எழுதியவர்களுக்குப் புரிந்திருக்கும்... சிலாஜிசம்!

'பேனா எப்படிடி மாம்பழம் ஆகும்?' என்று கேட்டால், 'நிஜத்தையெல்லாம் இதுல பார்க்கக் கூடாதுக்கா. வட்டத்தை மட்டும் பாரு' என்பாள். பேனா வட்டம் பென்சில் வட்டத்துக்குள். பென்சில் வட்டம் மாம்பழ வட்டத்துக்குள். அப்படியென்றால் பேனாவும் மாம்பழ வட்டத்துக்குள்தான். முடிந்தது கதை.

ஒருநாள் டிவி பார்த்துக்கொண்டிருந்த அப்பாவிடம் ஒரு கேள்வி போட்டாள்.

'அப்பா, ஒரு ஸ்கூல்ல எல்லாப் பிள்ளைங்களும் பாஸ்னு சொல்றாங்க. அது பொய்னு நிரூபிக்க என்ன வேணும்?'

'எல்லாரும் ஃபெயில் ஆகியிருக்கணும்.'

'தப்புப்பா. ஒரே ஒருத்தன் ஃபெயில் ஆகியிருந்தா போதும்.'

அப்பா டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு யோசித்தார். 'அட, ஆமால்ல?'

'எல்லாரும் பாஸ்' என்பதற்கு நேர் எதிர் 'எல்லாரும் ஃபெயில்' இல்லை. 'ஒருவராவது ஃபெயில்' என்பதுதான். கிரேக்கத்தின் அரிஸ்டாட்டில் கி.மு. நான்காம் நூற்றாண்டிலேயே இதைப் பிரித்துக் காட்டியிருக்கிறார். 'எல்லாரும் பாஸ்', 'ஒருவர்கூட பாஸ் இல்லை' இரண்டுமே பொய்யாக இருக்கலாம். பாதிப் பேர் பாஸ் ஆகியிருந்தால் அப்படித்தான் ஆகும். ஆனால், 'எல்லாரும் பாஸ்', 'ஒருவராவது ஃபெயில்' இந்த இரண்டில் ஒன்றுதான் உண்மை, மற்றது பொய். நடுவில் ஒளிந்துகொள்ள இடம் இல்லை.

'சில' என்ற சொல்லிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. 'சில லட்டு நல்லா இருக்கு' என்று சொன்னால், செய்தவர் முகம் சுருங்கிவிடும். மீதி நன்றாக இல்லை என்றுதானே கேட்பவர் எடுத்துக்கொள்வார்? தர்க்கத்தில் அப்படி இல்லை. அங்கே 'சில' என்றால் 'குறைந்தது ஒன்று' என்று மட்டுமே பொருள். எல்லா லட்டும் அமிர்தமாக இருந்தாலும் அந்த வாக்கியம் உண்மைதான். தேர்வில் இந்த இடத்தில்தான் பலர் மதிப்பெண்ணை விடுகிறார்கள் என்பது தங்கையின் அனுபவ உரை.

ஒரு தெரு... எத்தனை குழாய்?

அரிஸ்டாட்டிலின் முறையால் தீர்க்க முடியாத ஒரு சிக்கல் இருந்தது. ஒரே வாக்கியத்தில் 'எல்லா'வும் 'ஒரு'வும் சேர்ந்து வந்தால் என்ன செய்வது?

'தெருவில் எல்லா வீட்டுக்கும் ஒரு குழாய்.' இந்த வாக்குறுதியை நம்பி நீங்கள் ஓட்டுப் போடுகிறீர்கள். வீட்டுக்கு வீடு குழாய் வரும் என்று காத்திருக்கிறீர்கள். கடைசியில் தெருமுனையில் ஒரே ஒரு குழாயைப் போட்டுவிட்டு, 'எல்லா வீட்டுக்கும்தானே ஒரு குழாய்' என்கிறார்கள். வாக்கியத்தின்படி அவர்கள் சொன்னது பொய்யில்லை. குடத்தோடு வரிசையில் நிற்பது மட்டும் நீங்கள்.

இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் ஜெர்மனியின் கணித அறிஞர் கோட்லோப் ஃப்ரெகே. 1879-ல் வெளிவந்த சிறிய புத்தகம் ஒன்றில், 'எல்லா' என்பதைத் தனி ஒரு குறியாக எடுத்து, அது வாக்கியத்தில் எதுவரை ஆட்சி செய்கிறது என்று காட்டும் முறையைக் கொண்டுவந்தார். முதலில் 'எல்லா வீடும்', அதற்குள் 'ஒரு குழாய்' என்று வந்தால் வீட்டுக்கு ஒன்று. முதலில் 'ஒரு குழாய்', அதற்குள் 'எல்லா வீடும்' என்று வந்தால் தெருவுக்கே ஒன்று. வரிசை மாறினால் வாழ்க்கையே மாறும்.

இன்று கணிதப் புத்தகங்களில் 'எல்லா' என்பதற்குத் தலைகீழாகத் திருப்பிய ஆங்கில 'ஏ' எழுத்தைப் போடுகிறார்கள். அது 1935-ல் கெர்ஹார்ட் கென்ட்சன் கொண்டுவந்தது. 'உண்டு' என்பதற்குப் பின்பக்கம் திரும்பிய 'இ' எழுத்து. அது 1897-ல் இத்தாலியின் ஜுசெப்பே பியானோ தந்தது.

தமிழில் இதற்கு நம் பாட்டிகளிடம் ஓர் எளிய வழி உண்டு. 'ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு குழாய்' என்று சொல்லிவிட்டால் போதும். இரண்டு தடவை 'ஒவ்வொரு' வந்துவிட்டால் எந்த வேட்பாளரும் தப்பிக்க முடியாது.

ஒரு சின்ன 'உம்'

நம் மொழியில் இன்னும் ஆச்சர்யமான விஷயம், இத்தனை வேலையையும் 'உம்' என்ற ஒரு சின்ன ஒட்டு செய்வதுதான்.

'யார்' என்பது கேள்வி. அதோடு 'உம்' சேர்த்து, 'யாரும் வரலை' என்றால் ஒருவரும் இல்லை. 'யார் வேணும்னாலும் வரலாம்' என்றால் எல்லாருக்கும் கதவு திறந்திருக்கிறது. 'யாராவது வாங்க' என்றால் ஒரு ஆள் போதும். ஒரே 'யார்' பூஜ்யத்தையும் காட்டுகிறது, ஒன்றையும் காட்டுகிறது, முழுக் கூட்டத்தையும் காட்டுகிறது.

பள்ளியில் இலக்கணத்தில் 'முற்றும்மை' என்று படித்திருப்போம். முழுமையைக் குறிக்கும் உம்மை. அதை மனப்பாடம் செய்து, மதிப்பெண் வாங்கி, மறந்தும் இருப்போம். ஆனால், தொல்காப்பியரும் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவரும் அதோடு நிறுத்தவில்லை. முழுமையைக் காட்டும் இந்த உம்மை சில இடங்களில் எச்சத்தையும், அதாவது மிச்சத்தையும் காட்டும் என்று தனியாக ஒரு விதி சொல்லியிருக்கிறார்கள். எதிர்மறை வினையோடு சேரும்போது அப்படி ஆகும் என்று உரைகள் விளக்குகின்றன.

'பத்து லட்டையும் அவனுக்கே குடுத்துடாதே' என்று ஒரு அம்மா சொன்னால், ஒன்றுகூடக் கொடுக்காதே என்று அர்த்தமா? இல்லை. கொஞ்சம் கொடு, கொஞ்சம் மிச்சம் வை. ஆரம்பத்தில் பார்த்த 'எல்லாரும் வரலை' என்பதும் அதே விதிதான். வராதவர்களைச் சொல்லும்போதே, வந்த மிச்சம் பேரையும் அது குறிக்கலாம். என் அலுவலக நண்பர்கள் மூன்று பேரின் பதில் இலக்கணப்படி சரி!

மழை நாள் தலைப்பு

டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்ப்பதால், இந்தச் சொற்களின் விலை எனக்குத் தினமும் தெரியும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அதிகாலை ஐந்தரை மணிக்கே எங்களுக்குப் பரபரப்பு தொடங்கிவிடும். 'இன்று பள்ளிகளுக்கு விடுமுறையா?' என்பதுதான் அந்த நேரத்தில் தமிழ்நாட்டின் ஒரே கேள்வி.

அப்படி ஒரு காலையில், ஒரு மாவட்டத்திலிருந்து செய்தி வந்தது. 'மாவட்டத்தில் எல்லாப் பள்ளிகளும் இன்று செயல்படாது.' பதிவேற்றத் தயாரானபோது, சீனியர் அண்ணன் ஒருவர் எட்டிப் பார்த்தார்.

'எல்லாமே செயல்படாதா, இல்ல சிலது செயல்படுமா? போன் போட்டுக் கேளும்மா.'

கேட்டேன். தண்ணீர் தேங்கிய இரண்டு தாலுகாக்களில் மட்டும் விடுமுறையாம். மற்ற இடங்களில் பள்ளி உண்டு. செய்தி அனுப்பியவர் மனதில் இருந்தது நன்னூல் சொன்ன மிச்சம். அப்படியே போட்டிருந்தால், படிப்பவர் மனதில் வந்திருப்பது முழுப் பூட்டு. 'இரண்டு தாலுகாக்களில் மட்டும் பள்ளிகளுக்கு விடுமுறை' என்று தலைப்பு போனது.

அந்தத் தலைப்பை நம்பித்தான் ஒரு அம்மா டிபன் பாக்ஸ் கட்டுவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறார். ஒரு ஆட்டோ அண்ணன் பிள்ளைகளை ஏற்றக் கிளம்புவதா என்று யோசிக்கிறார். 'எதுவும் செயல்படாது', 'சில செயல்படாது' என்று பிரித்து எழுத மூன்று விநாடிதான் ஆகும்.

'நீ எப்பவுமே இப்படித்தான்!'

சரி, பேச்சுத் தமிழுக்கு வருவோம். இங்கே 'எல்லாம்' என்ற சொல் தர்க்கத்தின் கட்டுப்பாட்டிலேயே இல்லை.

'காபியெல்லாம் குடிச்சாச்சா?' உலகில் உள்ள எல்லாக் காபியையும் யாரும் கேட்கவில்லை. காபி, டிபன் மாதிரியான விஷயங்கள் ஆச்சா என்று விசாரிப்பு. 'அவனெல்லாம் ஒரு ஆளா?' இதில் இருப்பது ஒரே ஒரு 'அவன்'தான். 'எல்லாம்' என்பது இளக்காரத்துக்கு.

'எப்பவும்' கதையும் இதுதான். 'நீங்க எப்பவுமே லேட்டாத்தான் வருவீங்க' என்று மனைவி சொல்லும்போது, 'போன மார்ச் மாசம் ஒரு நாள் சீக்கிரம் வந்தேனே' என்று கணவர் பதில் சொன்னால், தர்க்கப்படி அவர் ஜெயித்துவிட்டார். ஒரே ஒரு எதிர் உதாரணம் போதும், 'எப்பவும்' உடைந்துவிடும். ஆனால், அன்று இரவு அவருக்குச் சாப்பாடு கிடைக்குமா என்பது தர்க்கத்தில் இல்லாத கேள்வி. அந்த 'எப்பவும்' ஒரு எண்ணிக்கையே இல்லை. 'நான் காத்திருந்து களைச்சுட்டேன்' என்பதன் இன்னொரு வடிவம். எண்ணிக்கையாக இல்லாத ஒன்றை எண்ணிக்கையால் மறுத்தால் சண்டை வளரும்.

ஆனால், எண்ணிக்கையாகவே சொல்லும் இடங்களும் இருக்கின்றன. அங்கே கவனமாகக் கேட்க வேண்டும்.

'பஸ்ல போற எல்லாப் பொண்ணுங்களும் ஒரு தடவையாவது இந்தத் தொல்லையை அனுபவிச்சிருப்போம்' என்று ஒரு பெண் சொல்கிறாள். உடனே ஒரு குரல் வரும். 'எல்லா ஆம்பளைங்களும் அப்படி இல்லையே!'

தங்கையின் வட்டங்களைப் போட்டுப் பாருங்கள். அந்தப் பெண் 'எல்லா' என்று சொன்னது பெண்களைப் பற்றி. பதில் வந்தது ஆண்களைப் பற்றி. 'எல்லா ஆண்களும் தொல்லை கொடுக்கிறார்கள்' என்று அவள் சொல்லவே இல்லை. ஒரு பஸ்ஸில் ஐம்பது பேரில் ஒரே ஒருவன் அப்படி இருந்தாலும், அந்த ரூட்டில் தினமும் போகும் அத்தனை பெண்களும் எப்போதாவது ஒருநாள் அவன் பக்கத்தில் நிற்க நேரலாம். அவள் சொன்னதும் உண்மையாக இருக்கலாம், இவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். சொல்லாத ஒன்றை மறுத்துவிட்டு, சொன்னதற்குப் பதில் சொல்லாமல் போவதுதான் இங்கே நடக்கிறது.

நெருப்பில்லாமல் புகையுமா?

பெண்களைப் பற்றிப் பேசும்போது இன்னொரு 'எல்லா'வும் வந்து நிற்கும். வெளியே தெரியாமல், பழமொழிக்குள் ஒளிந்துகொண்டு வரும்.

'நெருப்பில்லாம புகையுமா?'

புகை இருக்கும் எல்லா இடத்திலும் நெருப்பு இருக்கும் என்பது இதன் உள்ளே இருக்கும் பொது விதி. இந்திய தர்க்க மரபில் மிகப் பழைய உதாரணம் இது. மணிமேகலைக் காப்பியத்தில் அறவண அடிகள் மணிமேகலைக்குத் தர்க்கம் சொல்லித்தரும் பகுதியிலும் வருகிறது. மலையில் நெருப்பு இருக்கிறது, ஏனென்றால் புகை தெரிகிறது என்பது வாதம். அதற்கு அவர் காட்டும் சான்று எது தெரியுமா? அடுக்களை! சமையல் தெரிந்த எவருக்கும் புரியும் உதாரணம்.

இந்த விதியைத் திருப்பிப் போடக் கூடாது என்பதையும் நம் தர்க்க மரபு சொல்லித்தந்தது. நெருப்பு இருக்கும் எல்லா இடத்திலும் புகை இருக்காது. பழுக்கக் காய்ச்சிய இரும்பு உருண்டையில் நெருப்பு உண்டு, புகை இல்லை. கேஸ் அடுப்பைப் பார்த்தாலும் தெரியும்.

ஆனால், தெருவில் ஒரு பெண்ணைப் பற்றி நாலு பேர் பேசுவது புகையே இல்லை. பேச்சுக்கு விறகு தேவையில்லை, வாய் போதும். யாரோ ஒருவர் ஆரம்பித்ததை இன்னும் நாலு பேர் சொல்லிவிட்டால் புகை மாதிரி தெரியும், அவ்வளவுதான். புகைக்கு உண்மையான ஒரு விதியை வதந்திக்கு மாட்டிவிடுகிறோம். கல்யாணப் பேச்சு நின்றுபோவதும், ஒரு பெண் பாதியில் கல்லூரியை விட்டு நிற்பதும் இந்த ஒரு கேள்வியால் நடக்கக்கூடிய விஷயங்கள்தான்.

காலிப் பெட்டியும் நூறு சதவிகிதமும்

இன்னொரு விநோதம் இருக்கிறது. ஃப்ரெகேவுக்குப் பிறகு வந்த நவீன தர்க்கத்தில், 'என்னிடம் உள்ள எல்லா கார்களும் சிவப்பு' என்று கார் இல்லாத நான் சொன்னால், அது உண்மை!

எப்படி? பொய் என்று நிரூபிக்க வேண்டுமானால், என்னிடம் உள்ள, சிவப்பு இல்லாத ஒரு காரைக் காட்ட வேண்டும். காரே இல்லாதபோது எதைக் காட்டுவீர்கள்? அரிஸ்டாட்டிலின் முறை இதை ஏற்காது. அதில் 'எல்லாம்' என்றாலே 'சில'வாவது உண்டு. வங்கித் தேர்வும் அரிஸ்டாட்டில் கட்சிதான். எல்லாப் பேனாக்களும் பென்சில் என்றால், சில பேனாக்கள் பென்சில் என்று எழுதினால்தான் மதிப்பெண்.

இது வெறும் விளையாட்டு இல்லை. ஓர் அலுவலகத்தில் பெண் ஊழியர்களுக்கான புகார்ப் பெட்டி இருக்கிறது என்று வையுங்கள். அது எங்கே இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தவர்களுக்கும் எழுதிப் போடப் பயம். வருடக் கடைசியில் அறிக்கை வருகிறது. 'வந்த அனைத்துப் புகார்களுக்கும் தீர்வு காணப்பட்டது.' வந்த புகார் பூஜ்யம். வாக்கியம் உண்மை. எல்லாரும் கைதட்டலாம்.

'அனைத்தும்', 'நூறு சதவிகிதம்' என்று ஓர் அறிக்கை சொல்லும்போது, 'மொத்தம் எத்தனை வந்தது?' என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். காலிப் பெட்டியைப் பற்றி என்ன வேண்டுமானாலும் பெருமையாகச் சொல்லலாம்.

வேலி எங்கே இருக்கிறது?

இதுவரை பார்த்ததெல்லாம் 'எல்லாரும்' எவ்வளவு தூரம் ஆட்சி செய்கிறது என்ற கேள்வி. அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. எந்தக் கூட்டத்தில் எல்லாரும்? தர்க்கத்தில் 'எல்லா' என்று எழுதுவதற்கு முன், எதை எண்ணப்போகிறோம் என்று ஒரு வேலி போட்டுவிடுவார்கள். பேச்சில் அந்த வேலி கண்ணுக்குத் தெரியாது.

நம் ரேஷன் கடையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1997-ல் மத்திய அரசு வறுமைக்கோட்டுக்குக் கீழே, மேலே என்று பிரித்து ரேஷன் கொடுக்கும் முறைக்கு மாறியது. தமிழ்நாடு அப்படிப் பிரிக்காமல், வருமானம் பார்க்காத பொது விநியோகத்தைத் தொடர்ந்தது. வேலியை அகலமாகப் போட்டார்கள். யார் ஏழை என்று நிரூபிக்க யாரும் வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

கலைஞர் மகளிர் உரிமைத்தொகைத் திட்டம் 2023 செப்டம்பர் 15-ல் தொடங்கியபோது, மாதம் 1,000 ரூபாய் 'தகுதியுள்ள' குடும்பத் தலைவிகளுக்கு என்று வந்தது. குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் மின்சாரம், நிலத்துக்கு ஒரு வரம்பு என்று நிபந்தனைகள் இருந்தன. அப்போது வீடுகளில் அதிகம் பேசப்பட்ட சொல் 'ஆயிரம்' இல்லை, 'தகுதி'தான். 'எல்லாருக்கும்', 'தகுதியுள்ள எல்லாருக்கும்' இரண்டிலும் 'எல்லாருக்கும்' முழுசாகத்தான் இருக்கிறது. வேலி மட்டும் நகர்ந்திருக்கிறது. எந்த முறை நல்லது என்பது வேறு விவாதம். வேலியைப் பார்த்துவிட்டு விவாதம் செய்யலாம் என்பதுதான் என் கட்சி.

அரசியல் சட்டம் எழுதியவர்கள் இந்த வேலியில் கவனமாக இருந்திருக்கிறார்கள். சட்டத்தின் முன் சமத்துவம் தரும் 14-வது பிரிவு 'எந்த நபருக்கும்' என்கிறது. பேச்சுரிமை தரும் 19-வது பிரிவு 'எல்லாக் குடிமக்களுக்கும்' என்கிறது. இலங்கையிலிருந்து வந்து முகாமில் இருக்கும் ஓர் அகதி முதல் வேலிக்கு உள்ளே இருக்கிறார். இரண்டாவது வேலிக்கு வெளியே நிற்கிறார்.

வேலி அகலமாக இருந்தும் வெளியே விழுந்தவர்களின் கதைதான் என்னை அதிகம் யோசிக்கவைத்தது. 1951-52-ல் இந்தியாவின் முதல் பொதுத்தேர்தல். 21 வயதான எல்லாருக்கும் ஓட்டு. படிப்பு, சொத்து, ஆண், பெண் எந்தப் பேதமும் இல்லை. உலகமே ஆச்சர்யமாகப் பார்த்த 'எல்லாரும்' அது. ஆனால், வாக்காளர் பட்டியல் தயாரிக்க வீட்டுக்கு வந்தவர்களிடம், முக்கியமாக வட மாநிலங்களில், ஏராளமான பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. 'இன்னாரோட மனைவி', 'இன்னாரோட மகள்' என்றுதான் சொன்னார்கள். பெயர் இல்லாமல் பட்டியலில் வைக்க முடியாது என்று தேர்தல் ஆணையம் முடிவெடுத்தது. அப்போது தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென். நீக்கப்பட்ட பெண்கள் சுமார் 28 லட்சம் பேர்.

சட்டம் அவர்களை வெளியே தள்ளவில்லை. 'எல்லாரும்' என்ற சொல்லில் அவர்கள் இருந்தார்கள். எண்ணும்போதுதான் இல்லை. தன்னைத் தனி ஆளாகச் சொல்லிக்கொள்ள யாரும் அவர்களைப் பழக்கவில்லை.

அடுப்படியில் ஒரு எதிர் உதாரணம்

எங்கள் வீட்டில் நாலு பேர். அப்பா, அம்மா, நான், தங்கை. ராத்திரி தோசைக்கல்லை இறக்கும்போது அம்மா அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பார். 'எல்லாரும் சாப்பிட்டாச்சா?'

'ஆச்சும்மா' என்போம். அம்மாவும் திருப்தியாக கேஸை அணைப்பார். அம்மா அதுவரை சாப்பிட்டிருக்க மாட்டார்.

தர்க்கப்படி அந்த 'ஆச்சு' பொய். நாலு பேர் வீட்டில் ஒருவர் சாப்பிடவில்லை என்றால், எல்லாரும் சாப்பிடவில்லை. ஆனால், கேட்டவருக்கும் பதில் சொன்னவர்களுக்கும் அது உண்மையாகத்தான் பட்டது. காரணம், அந்தக் கேள்வியின் வேலிக்குள் அம்மா இல்லை. வேலியைப் போட்டவரே வெளியே நின்றுதான் போட்டிருக்கிறார். 'வீட்ல எல்லாரும் வேலைக்குப் போயிட்டா எனக்கு என்ன வேலை' என்று சொல்லிக்கொண்டே மூன்று பக்கெட் துணி துவைக்கும் 'எல்லாரும்' அது.

என் தங்கைதான் இதை முதலில் கண்டுபிடித்தாள். 'அக்கா, கவுன்டர் எக்ஸாம்பிள் அடுப்படியில நிக்குது பாரு' என்று என் காதில் கிசுகிசுத்தாள்.

அதற்குப் பிறகு அவள் 'ஆச்சு' என்று சொல்வதை விட்டுவிட்டாள். அம்மா கேட்டதும் விரலை மடக்கி எண்ணிவிட்டு, பேங்க் எக்ஸாம் குரலில் பதில் சொல்கிறாள்.

'நாலு பேர்ல மூணு பேர் ஆச்சும்மா.'

முதல்நாள் அவள் அப்படிச் சொன்னபோது, அம்மா கரண்டியும் கையுமாக ஹாலுக்கு வந்து எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

'யாருடி இன்னும் சாப்பிடாம இருக்கறது?'